காலியாக விட்ட சனிக்கிழமைகள்

கில்டேர்,
செப்டம்பர் 9, 2018

திரு. ஆர்லின் ட்வைட் அவர்களுக்கு,
விளையாட்டு இயக்குநர், டோவ்ரே கல்லூரி.

என் தங்கையைக் கட்டிய மனிதருக்கு இப்படி முகவரி போட்டு எழுதுவது எனக்கே நன்றாக இல்லை. என்ன செய்வது, மனசில் இல்லாத மரியாதை உறையின் மேலாவது இருக்கட்டும். மின்னஞ்சல் அனுப்பியிருப்பேன். ஆனால் நம் கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்பு கலைந்தது பற்றி யார் யாருக்கு என்ன எழுதினாலும் அழிக்கக் கூடாது, பின்னால் கேட்பார்கள் என்று எங்கள் கல்லூரி வக்கீல் சுற்றறிக்கை விட்டிருக்கிறார். தங்கை நோரீனிடம் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தால், "நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கறதுக்கு நான் தபால்காரி இல்ல" என்று போனை வைத்துவிட்டாள். அதனால் தபால்தலையை நக்கி ஒட்டுகிறேன்.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதற்கு முன் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதையாவது மறந்திருந்தால் உதவும்.

ஏப்ரலில் ரெட் வில்லோ கல்லூரி விலகியது. ஏழு கல்லூரி ஆறாயிற்று. நம் கோட்டோ கூட்டமைப்புக்கு ஆறு கல்லூரிகள் இருந்தால்தான் தேசியப் போட்டியில் நேரடி இடம். ஐந்தாகிவிட்டால் அந்த இடம் போய்விடும், இடம் போனால் ஆடத் தெரிந்த எந்தப் பிள்ளையும் நம் பக்கம் திரும்பிப் பார்க்காது. ஒரே ஒரு கல்லூரி போனாலும் எல்லோருக்கும் சங்கு என்பது குழந்தைக்கும் தெரியும்.

ஜூனில் ஏரி விடுதியில் ஆறு இயக்குநர்களும் உட்கார்ந்தோம். நான் ஒரு காகிதம் கொண்டுவந்தேன். ஐந்து வருஷத்துக்கு ஒருவரும் விலகமாட்டோம் என்று நாலே வரி. நான்கு பேர் பேனாவைத் தேடினார்கள். இருபத்தாறு வருஷமாகக் காபி கேட்பதற்குத் தவிர எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத நீங்கள் அன்று திறந்தீர்கள். "நம்மாளுங்களுக்குள்ள காகிதம் எதுக்கு? கை குடுத்தா பத்தாதா?" என்றீர்கள். எல்லோருக்கும் கூச்சமாகிவிட்டது. பேனாக்கள் சட்டைப் பைக்குப் போயின. சுற்றிவந்து கை கொடுத்துக்கொண்டோம். அப்புறம் மீன் வறுத்துச் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி, அடுத்த வருஷம் முதல் டோவ்ரே வடசமவெளிக் கூட்டமைப்பில் சேர்கிறது என்று அறிவிப்பு வந்தது. அதை நான் காரில் வானொலியில் கேட்டேன். பத்தே நாளில் மற்ற நான்கு பேரும் ஆளுக்கொரு கிளையில் உட்கார்ந்துகொண்டார்கள். கில்டேர்தான் நட்டாற்றில் நிற்கிறது.

எங்கள் கல்லூரியில் நானூற்று எண்பது பேர் படிக்கிறார்கள். அதில் இருநூற்றுத் தொண்ணூறு பேர் ஏதாவது ஓர் ஆட்டம் ஆட வந்தவர்கள். மார்ச் முதல் தேதிக்குள் வேறு கூட்டமைப்பு எங்களைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் மே மாதத்தோடு கல்லூரியை மூடுவது என்று நிர்வாகக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது. மாவட்டப் பத்திரிகைக்காரி வந்து கேட்டபோது டோவ்ரேக்காரர்கள் பொய்யர்கள் என்றேன். அவள் அதையே தலைப்பாகப் போட்டுவிட்டாள். எனக்கு வருத்தமில்லை.

கேள்வி இதுதான். அன்று என் காகிதத்தைத் தடுத்தபோது, உங்கள் கல்லூரி போகப்போகிறது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

எம்மெட் ரோர்க்
விளையாட்டு இயக்குநர், கில்டேர் கல்லூரி

•

டோவ்ரே,
செப்டம்பர் 21

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மழை இல்லை. சோயா பீன்ஸ் சீக்கிரமே மஞ்சளாகிவிட்டது. நோரீன் தக்காளியை எல்லாம் புட்டியில் போட்டுவிட்டாள், உனக்கென்று பன்னிரண்டு புட்டி எடுத்து வைத்திருக்கிறாள். வந்து எடுத்துக்கொள்வாயா, நான் கல்லூரி வாசலில் வைத்துவிட்டுப் போகட்டுமா என்று அவள் கேட்கச் சொன்னாள்.

நீ கேட்டதற்குப் பதில்: தெரியாது. ஜூனில் எங்கள் கல்லூரி போகும் என்று எனக்குத் தெரியாது. முதல்வர் ஹவ்கனும் நிர்வாகக் குழுவும் ஜூலைக் கடைசியில் முடிவு செய்தார்கள். எனக்கு ஆகஸ்ட் பத்தாம் தேதி சொன்னார்கள். நாலு நாள் இருந்தது, உனக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. அது தப்புதான்.

காகிதத்தைத் தடுத்ததற்கு வேறு காரணம் இருந்தது. அதை எழுத்தில் வைக்க விருப்பமில்லை.

பொய்யர்கள் என்று போட்ட பத்திரிகையை ஹவ்கன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். அவர் எளிதில் மறக்கிற ஆள் இல்லை. உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஆர்லின்

•

கில்டேர்,
அக்டோபர் 4

ஆர்லின்,

தக்காளியை வாசலில் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். துப்புரவு வேலை பார்க்கும் வாண்டா, யாரோ வெடிகுண்டு வைத்துவிட்டார்கள் என்று பாதுகாவலரைக் கூப்பிட்டாள். உள்ளே வந்து கொடுத்தால் என்ன, கடித்துவிடுவேனா?

'வேறு காரணம் இருந்தது, எழுத்தில் வேண்டாம்' என்கிறாய். ஜூனில் காகிதம் வேண்டாம், செப்டம்பரில் எழுத்து வேண்டாம். பேசவாவது செய்வாயா என்றால் அதுவும் கிடையாது. உன் லுத்தரன் திருச்சபை வம்சத்துக்கே வாயில் கொழுக்கட்டை. நோரீனைப் பெண் கேட்க வந்தபோது எங்கள் அப்பாவோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து டிராக்டர் டயர் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பிப் போனாய். "அந்தப் பையன் எதுக்குடா வந்தான்?" என்று அப்பா என்னைக் கேட்டார். நான்தான் விளக்கினேன். அவளை உனக்குக் கேட்டுக் கட்டிவைத்தவன் நான். அதை மறந்துவிடாதே.

சனிக்கிழமை கைப்பந்தாட்டத்துக்கு வந்திருந்தாய், பார்த்தேன். நீ அந்தக் கோடியில் நின்றாய், நான் இந்தக் கோடியில். நோரீன் நட்டநடுவில் உட்கார்ந்து, யார் பாயிண்ட் எடுத்தாலும் கை தட்டினாள். வெளியூர்க் குழு ஒரே பயணத்தில் வெள்ளிக்கிழமை உன் ஊரிலும் சனிக்கிழமை என் ஊரிலும் ஆடிவிட்டுப் போகும்படி சேர்ந்து ஆட்டம் நடத்திய பயண ஜோடி நாம். வெளியூர்ப் பயிற்சியாளர்கள் கேட்டால் என்ன சொல்ல? "அவருக்கு முதுகு வலி, அதான் அந்தப் பக்கம் நிக்கறார்" என்று சொல்லிவைத்தேன்.

அன்று ஒரு பண்ணைக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு கல்லூரி பார்க்க வந்தார். ஆறடி உயரப் பெண், கைகள் இரண்டும் துடுப்பு மாதிரி. விடுதியைக் காட்டினோம், சாப்பாட்டுக் கூடத்தைக் காட்டினோம், எல்லாம் பிடித்திருந்தது. கிளம்பும்போது அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷம் நீங்க யாரோட ஆடுவீங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் அப்பாவின் கையைத் தொட்டாள். போய்விட்டார்கள். மார்ச் வரை காத்திருக்கவே வேண்டாம் போலிருக்கிறது, தானாகவே மூடிக்கொள்ளும்.

எனக்கு அறுபத்து நாலு வயசு. கத்துவதற்குக் கூட அலுப்பாக இருக்கிறது. காரணம் இருந்தால் சொல்லித் தொலை.

எம்மெட்

•

டோவ்ரே,
அக்டோபர் 17

மச்சானுக்கு,

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் உங்கள் கல்லூரி நிறுவனர் நாள் செய்தி பார்த்தேன். கெல்லர் அம்மாள் தன் கணவர் நினைவாக உங்கள் உள்ளரங்குக்குப் புதுத் தரை போட்டுத் தருகிறார் என்றும், அடுத்த கோடையில் அடித்தளம் வரை தோண்டினால் டிசம்பர் வரை வேலை நடக்கும் என்றும், இதை ஒன்றரை வருஷமாக ரகசியமாக வைத்திருந்தார்கள் என்றும் போட்டிருந்தது. மண்வெட்டியோடு நீ நிற்கிற படமும் இருந்தது.

மூன்று நாளாக அந்தப் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். எனவே எழுதிவிடுகிறேன்.

மே மாதம் நீ 2019 பருவத்துக்கான அட்டவணை வரைவை எல்லோருக்கும் அனுப்பினாய். அதில் கில்டேர் சொந்த அரங்கில் ஆட்டம் நடத்த வேண்டிய சனிக்கிழமைகள் ஏழு காலியாக இருந்தன. அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று வரிசையாக ஏழு கட்டங்கள். காரணம் எழுதவில்லை. அதற்கு முந்தின வருஷம் ரெட் வில்லோவும் இப்படித்தான் தேதி தராமல் கட்டங்களைக் காலியாக விட்டது. அப்புறம் போய்விட்டது. முப்பது வருஷமாக விலகுகிற கல்லூரிகள் எல்லாமே முதலில் செய்வது அதுதான் என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

நீங்கள் போகப்போகிறீர்கள் என்று நினைத்துவிட்டேன்.

உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ என்ன செய்வாய் என்று யோசித்தேன். உண்மையைச் சொன்னால் உன் முதல்வருக்குத் துரோகம். சொல்லாவிட்டால் தங்கை புருஷனிடம் பொய். இரண்டில் ஒன்றில் உன்னைத் தள்ள எனக்கு மனசு வரவில்லை. அவனாகச் சொல்லும்போது சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஜூனில் நீயே அந்தக் காகிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மற்றவர்களைக் கட்டிப்போட, போகப்போகிற கல்லூரியின் ஆளையே, போகமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லி உன் முதல்வர் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். நீ முதல் கையெழுத்தைப் போட்டிருந்தால், நாளைக்கு விஷயம் வெளியே வரும்போது உன் பெயர் அந்தக் காகிதத்தில் காலத்துக்கும் நிற்கும். கை கொடுத்ததை மறந்துவிடுவார்கள். கையெழுத்தை மறக்கமாட்டார்கள். அதனால்தான் வாயைத் திறந்தேன். உன் பெயரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தேன்.

இதுதான் காரணம். மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுத எனக்கு வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

நேற்று இரண்டு அங்குலம் பனி விழுந்தது.

ஆர்லின்

•

கில்டேர்,
அக்டோபர் 22

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். வாண்டா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். மூன்றாம் முறை முடித்ததும் அந்த மே மாத அட்டவணையைத் தேடி எடுத்து ஏழு கட்டங்களையும் எண்ணிப் பார்த்தேன்.

முப்பத்தோரு மைல். ஒரே ஒரு போன். "எம்மெட், அந்த ஏழு கட்டம் ஏன் காலியா கிடக்கு?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். ஊர் உயர்நிலைப் பள்ளியின் அரங்கைக் கடன் கேட்டிருக்கிறேன், அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, தரை விஷயம் கெல்லர் அம்மாளின் ரகசியம், ஆகவே வாயை மூடு என்று சொல்லியிருப்பேன். நீ மூடுவதற்குச் சொல்லித் தரவா வேண்டும்! அந்த ரகசியத்தோடு சேர்த்து இன்னும் நூறையும் புதைத்திருப்பாய்.

நான் எதற்கு அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தேன் தெரியுமா? மே மாதக் கடைசியில் இருந்து நீ என்னிடம் சரியாகப் பேசவில்லை. நோரீன் பிறந்தநாளுக்கு வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் நாயைத் தடவிக்கொண்டே இருந்தாய். டோவ்ரேயில் ஏதோ வேகிறது, இவன் மறைக்கிறான் என்று எனக்குப் பட்டது. உன்னைக் கட்டிவைக்கத்தான் காகிதம் எழுதினேன். நானும் உன்னைக் கேட்கவில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவன், கேட்டிருக்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் நாலு வரி டைப் அடித்துக்கொண்டு வந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீ நினைத்தாய், சரி. உன் மனசுக்குள் நினைத்தது ஹவ்கன் காதுக்கு எப்படிப் போயிற்று? யாரிடம் சொன்னாய்?

எம்மெட்

•

டோவ்ரே,
நவம்பர் 25

மச்சானுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. நன்றி கூறும் நாள் பண்டிகை விருந்துக்கு நோரீன் உனக்கும் ஒரு தட்டு வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அந்தத் தட்டையும் கழுவி வைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. ஜூலை மாதம் ஹவ்கன் என்னைக் கூப்பிட்டார். வடசமவெளியில் இருந்து அழைப்பு வந்திருக்கிறது, தனக்குப் போக விருப்பமில்லை, ஆனால் கில்டேர் போனால் நாம் தனியாக மாட்டிக்கொள்வோம் என்றார். அப்புறம் நேராகவே கேட்டார். "ரோர்க் உங்க மச்சான். கில்டேர் போகுதா இல்லையா?"

போகிறது என்று நான் சொல்லவில்லை. போகவில்லை என்று சொல்லவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாகப் புல்வெட்டுகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் இருக்கும். "சரி, புரிஞ்சுது" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மௌனம் சம்மதம் என்று சொல்வார்கள். ஆயுள் முழுக்கப் பேசாமலேயே தப்பித்துக்கொண்டு வந்தவன் நான். அந்த ஒரு நிமிஷத்தில் ஆறு கல்லூரியும் போயிற்று. யார் காரணம் என்று நீ செப்டம்பரிலிருந்து தேடிக்கொண்டிருந்தாய். நான்தான்.

வடசமவெளிக்காரர்கள் பிப்ரவரி பதினாறாம் தேதி கூடுகிறார்கள். டோவ்ரேக்கு அங்கே பயண ஜோடி இல்லை. ஒரே ஒரு ஆட்டத்துக்காக நாலு மணி நேரம் பேருந்தில் வரவேண்டியிருக்குமே என்று மற்றவர்கள் இப்போதே முணுமுணுக்கிறார்கள். கில்டேர் சேர்ந்தால் அது தீரும். பேசச் சொன்னால் பேசுகிறேன். ஆனால் ஹவ்கன் கை தூக்கமாட்டார். அந்தப் பத்திரிகை இன்னும் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. நீ ஒரு வரி மன்னிப்பு எழுதினால் உதவும்.

ஆர்லின்

•

கில்டேர்,
ஜனவரி 6, 2019

மாப்பிள்ளை,

நீதான் காரணம் என்று நீயே எழுதிக் கொடுத்த காகிதம் என் கையில் இருக்கிறது. நாலு மாதமாக இதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வந்ததும் ஒரு சுகமும் இல்லை. மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

ஏனென்றால் கணக்குப் பார்த்தால் என் பங்கும் குறைவில்லை. அந்தக் கட்டங்களில் 'விவரம் பின்னால்' என்று இரண்டு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதினால் என்ன விவரம் என்று மற்ற ஐந்து பேரும் கேட்பார்கள், கெல்லர் அம்மாள் கோபித்துக்கொண்டு தரையைத் தரமாட்டார் என்று பயந்தேன். இப்போது மூடப்போகிற கல்லூரிக்குப் புதுத் தரை வருகிறது. நான் கொடுத்துவைத்தவன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போன மல்யுத்தப் பிள்ளைகளில் பதினோரு பேர் திரும்பி வரவில்லை. பயிற்சியாளர் கேல் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தார். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்களாம். ஒரு தாய் மட்டும் அழுதாளாம். கூடைப்பந்துப் பெண்கள் ஒருத்தி விடாமல் வந்துவிட்டார்கள். கடைசி வருஷம் என்றால் இங்கேயே முடித்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அவர்கள் பயிற்சி செய்கிறபோது நான் மேலே வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். கீழே இருந்தால் ஏதாவது கேட்பார்கள்.

மன்னிப்பு விஷயம். நாலு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். அன்று எனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னேன். கை கொடுத்துவிட்டுப் போனவர்கள் பொய்யர்கள்தான், அவர்கள் எதை நினைத்துக்கொண்டு போனாலும். நான் எழுதமாட்டேன். எங்கள் முதல்வரும் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். நான் ஒதுங்கிக்கொண்டால் பேச்சுவார்த்தை சுலபமாகும் என்று குழுவில் ஒருவர் சொன்னாராம். இருபத்தாறு வருஷம் மாப்பிள்ளை. என் அலுவலக அறையைத் தவிர எனக்கு வேறு என்ன இருக்கிறது? வீட்டுக்குப் போனால் தொலைக்காட்சியும் நானும். நாற்காலியை விடமாட்டேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன், உன்னிடமும் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. பதினாறாம் தேதி பேசு. ஜன்னலைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசு. எங்கள் கல்லூரியைக் காப்பாற்று.

எம்மெட்

•

சூ ஃபால்ஸ்,
பிப்ரவரி 16

மச்சானுக்கு,

விடுதிக் காகிதத்தில் எழுதுகிறேன். கூட்டம் சாயங்காலம் நாலு மணிக்கு முடிந்தது. வெளியே பனிக்காற்று, சாலையை மூடிவிட்டார்கள்.

கில்டேரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பது ஓட்டில் ஆறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் படித்த பிறகு நீ இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டாலும் போடு.

பேசினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, தொண்டை வறண்டுவிட்டது. ஏழு கட்டங்களைப் பற்றிச் சொன்னேன், உன்னைக் கேட்காமல் நானே முடிவு கட்டியதைச் சொன்னேன், முதல்வர் கேட்டபோது ஜன்னலைப் பார்த்ததையும் சொன்னேன். ஹவ்கன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். கில்டேர் ஒரு தப்பும் செய்யவில்லை, தப்பு என்னுடையது, அதற்கு அந்தப் பிள்ளைகள் தண்டம் அழ வேண்டாம் என்றேன். வாக்கெடுப்பில் ஐந்து கை உயர்ந்தது. ஹவ்கன் கை மேசை மேலேயே இருந்தது. ஆறு வேண்டும்.

பத்து நிமிஷம் இடைவேளை விட்டார்கள். நடைபாதையில் அவரைப் பிடித்தேன். என் கல்லூரியைப் பத்திரிகையில் பொய்யன் என்று சொன்ன ஆளோடு ஒரே மேசையில் உட்காரமாட்டேன், ரோர்க் இருக்கிறவரை என் கை எழாது என்றார். என் வேலையை ராஜினாமா செய்கிறேன், அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "உங்க நாற்காலி எனக்கு எதுக்கு, ஆர்லின்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அது அவருக்கு வேண்டாம்.

நான்தான் அடுத்ததைக் கேட்டேன். அவர் கேட்கவில்லை, நான் கேட்டேன். "அவன் போயிட்டா தூக்குவீங்களா?"

தூக்குவேன் என்றார்.

உள்ளே போய், இந்தப் பருவத்தோடு எம்மெட் ரோர்க் ஓய்வு பெறுகிறார் என்று நான் எழுந்து சொன்னேன். உன் முதல்வர் அம்மாள் அங்கேதான் இருந்தார். அவர் என்னைப் பார்த்தார், மறுக்கவில்லை. கைகள் உயர்ந்தன. எழுதிக்கொண்டார்கள்.

பத்து நிமிஷம் இருந்தது. போன் என் கையில்தான் இருந்தது, உன் எண்ணை எடுத்தும் வைத்திருந்தேன். அழைக்கவில்லை. மறுபடியும் உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். எதற்கு என்று எனக்கே நன்றாகச் சொல்லத் தெரியவில்லை. நீ என்ன சொல்வாயோ என்று பயந்தேன் என்பதுதான் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

நோரீனுக்குப் போனில் சொன்னேன். பத்திரமாக வண்டி ஓட்டி வாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஆர்லின்

•

கில்டேர்,
மார்ச் 3

மாப்பிள்ளை,

உன் கடிதம் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. திங்கட்கிழமை எங்கள் முதல்வர் அம்மாள் என் அறைக்கு வந்து, அடித்து வைத்த ராஜினாமாக் கடிதத்தை மேசை மேல் வைத்துவிட்டு, என் பக்கத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அது பிளாஸ்டிக் செடி. அவருக்கும் தெரியும். நான் அன்று கையெழுத்துப் போடவில்லை. மறுநாளும் போடவில்லை.

புதன்கிழமை கூடைப்பந்துப் பயிற்சியின்போது, நிர்வாகக் குழு கல்லூரியை மூடப்போவதில்லை என்று செய்தி கசிந்துவிட்டது. கையெழுத்து இல்லாமலேயே எப்படிக் கசிந்தது என்று கேட்காதே, நம் ஊரில் கேட்க வேண்டியதுதான் ஒருத்தர் வாயிலும் வராது, மற்றதெல்லாம் கசியும். பெண்கள் போட்ட கூச்சலில் கூரை இறங்கிவிடும் போலிருந்தது. ஒருத்தி மேலே ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அடுத்த வருஷம் புதுத் தரையில ஆடுறோம் கோச், நீங்க முன் வரிசையில உக்காரணும்" என்றாள். சரி என்றேன். அவள் இறங்கிப் போனதும் அறைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். இருபத்தாறு வருஷம் ஆறு பெட்டியில் அடங்கிவிட்டது. பத்திரிகைக்காரி மறுபடி வந்தாள், கோட்டோ கூட்டமைப்பு உடைந்ததற்கு யார் காரணம் என்று கடைசியாக ஒரு வார்த்தை கேட்டாள். உன் நவம்பர்க் கடிதம் பெட்டியின் மேலேயே கிடந்தது, எடுத்து நீட்டினால் போதும். அதன் மேல் காபிக் கோப்பையை வைத்தேன். எனக்கு வேலை இருக்கிறது, போய் வா என்று சொல்லிவிட்டேன். யார் என்று தெரிந்து அவள் என்ன செய்யப்போகிறாள்.

நோரீன் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். வரமாட்டேன். உன் எதிரில் உட்கார்ந்து மாட்டிறைச்சி சாப்பிட இன்னும் எனக்கு ஆகவில்லை. கோபம் தீர்ந்தால் நானே வண்டியை எடுத்துக்கொண்டு வருவேன்.

ஆனால் ஒன்றை உன்னிடம் மறைக்க முடியாது, வேறு யாரிடமும் சொல்லவும் முடியாது. அந்தப் பத்து நிமிஷத்தில் நீ என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இரண்டு வாரமாக யோசித்தேன். கல்லூரியைக் காப்பாற்று என்று உன்னிடம் கெஞ்சியவன் நான்தான். இருந்தும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன், மாப்பிள்ளை. மூடினால் மூடட்டும், ஹவ்கனுக்காக நாற்காலியை விடமாட்டேன் என்று கத்திவிட்டுப் போனை வைத்திருப்பேன். அந்தப் பெண் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. என்னைக் கேட்காமல் செய்ததற்கு உன்னை மன்னிக்கவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் வாய் வரவில்லை.

எம்மெட்